அலையடிக்கும் கரையில் ஃப்ளை தூண்டில்: கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போலிப் பூச்சியை இரையாகக் கட்டி வீசும் ஃப்ளை தூண்டிலில் இரையைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது, ஏறக்குறைய எடையே இல்லாத அந்தப் பூச்சியன்று, தூண்டில் கயிற்றின் கனமே ஆகும். ஆகையால் எதிர்காற்று ஓயாத கடற்கரையில், ஓடைகளுக்கு ஏற்ற 4 அல்லது 5 எண் கோல் (எண் கூடக்கூட, கோல் வீசும் கயிறும் கனமாகும்) பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். சிறிய மீன்களுக்கு 6 அல்லது 7 எண் போதுமென்றாலும், முதன்முதலாக வாங்குபவர்களுக்கு 9 அடி நீளமுள்ள, விரைவாக நிமிரும் 8 எண் கோலையே நான் பரிந்துரைப்பேன். பெரிய மீன்களை நாடுபவர்கள் 9 அல்லது 10 எண்ணுக்குச் செல்லலாம்.

இருகைகளால் வீசும் 11 அடிக் கோல், பின்வீச்சில் கயிறு மணல்மேட்டில் உரசாமல் காப்பதோடு, பல மணி நேரம் வீசினாலும் தோளை வருத்துவதில்லை என்பதால், வசதியுள்ளவர்கள் அதையும் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

கோலுக்கு நிகராகக் கயிறும் முக்கியமானது. மிதக்கும் கயிற்றை அலை இழுத்துத் தொய்வாக்கிவிடுவதால், மீன் கடிப்பதே கைக்குத் தெரியாமல் போகும். மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட் கயிறோ நுரைக்கு அடியில் விறைப்பாக நிற்கும். இழுத்த கயிறு அலையில் காலைச் சுற்றாதிருக்க, இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிக்கொள்ளுங்கள். கரை திரும்பியதும் கோல், வளையங்கள், ரீல் ஆகிய அனைத்தையும் நன்னீரில் கழுவிவிடுங்கள்.