பழைய கான்வென்ட் பள்ளியின் கதையைத் திரட்டுவது எப்படி?

பள்ளியின் வரலாறு என்றதும் எல்லோரும் முதலில் போய் நிற்பது பள்ளி அலுவலகத்தில்தான். நானும் அப்படித்தான் போனேன். பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "பாதியைக் கறையான் தின்றுவிட்டது டீச்சர், மீதியைக் கூரை மாற்றியபோது லாரியில் ஏற்றிவிட்டார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதுகளில் மலேசியாவின் பினாங்கில் ஒரு கான்வென்ட் தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள் நான். வேலை ஓய்வுக்குப் பிறகு அதன் கதையை எழுத உட்கார்ந்து, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறங்கள். வகுப்புப் படம், ரிப்போர்ட் கார்டு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் எதுவானாலும் சரி. என் வகுப்புப் படத்தில் முன் வரிசைப் பெண் மடியில் ஒரு சிலேட்டு: 'ஸ்டாண்டர்டு 3பி, 1964'. படத்தின் பின்பக்கம் அம்மா பென்சிலில் எழுதிய பன்னிரண்டு பெயர்கள். அந்தப் பன்னிரண்டில் ஏழு பேரைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொருத்தி வீட்டிலும் இன்னொரு படம் இருந்தது. படத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள், திருப்பிக் கொடுப்பதற்குள் மனஸ்தாபம் வரும். அங்கேயே ஜன்னல் ஓரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொடங்கிய ஆண்டு. பலரும் வழுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் ஒரே பள்ளிக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கிடைக்கும். லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டையே பாருங்கள். குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து பினாங்குக்கு வந்தது 1852-இல். லைட் ஸ்ட்ரீட் இடத்துக்குப் போனது 1859-இல். அங்கே இருக்கும் பழைய கவர்ன்மென்ட் ஹவுஸ் பள்ளியைவிட வயதில் மூத்தது. சபையோ 17-ஆம் நூற்றாண்டில் ரூவான் நகரத்தில் நிக்கோலா பாரே என்ற குருவால் தொடங்கப்பட்டது. இதில் எது பள்ளியின் வயது? சபை வந்த ஆண்டு, வகுப்பு தொடங்கிய ஆண்டு, கட்டடம் கிடைத்த ஆண்டு என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். கிளைப் பள்ளிகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். தாய்ப் பள்ளியின் ஆண்டையே நுழைவாயிலில் எழுதி வைத்திருப்பார்கள்.

வகுப்புப் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. போருக்கு முன் ஆங்கிலப் பள்ளிகளில் பிரைமரி ஒன்று, இரண்டு முடித்த பிறகுதான் ஸ்டாண்டர்டு ஒன்று. பெரியம்மா "ஸ்டாண்டர்டு ஐந்தோடு நின்றுவிட்டேன்" என்றபோது, ஐந்து வருஷம்தான் படித்தார் என்று எழுதிவிட்டேன். உண்மையில் ஏழு. "என் இரண்டு வருஷத்தை எங்கேடி விழுங்கினாய்?" என்று கேட்டார். ஒருவர் வகுப்பை மலாயில் 'டார்ஜா' என்கிறாரா, ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்டு' என்கிறாரா என்பதிலேயே அவர் எந்த மொழியில் படித்தார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். நானும் தங்கையும் ஒரே பள்ளிதான். அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்தது 1970-இல். ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகள் முதலாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறத் தொடங்கியது அந்த ஆண்டுதான். நான் ஆங்கிலத்தில் போட்ட கழித்தல் கணக்கை அவள் அதே மேசையில் மலாயில் போட்டாள். சொல்லிக் கொடுக்கப் போய் எத்தனையோ நாள் சண்டை.

ஜப்பான்காரன் காலத்துத் தாளில் 2603 என்று பார்த்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, 660-ஐக் கழித்தால் 1943 வரும். அந்த ஆண்டில்தான் கிரெனேடியர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளைப் பிடித்து லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டில் அடைத்தார்கள். அவர்கள் அங்கே கீறி வைத்த பெயர்கள் பிறகும் இருந்தன. சுவரும் ஓர் ஆவணம்தான். தூணையும் படிக்கட்டையும் மேசையின் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பார்க்க அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். பினாங்கு ரோட்டிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் போலத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடிய கோயில்களில் பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், நாலைந்து சொல் தெரிந்தால் போதும். 'பாப்திசாவி' என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன், 'பிலியா' மகள், 'பத்ரீனுஸ்' ஞானத்தகப்பன். ஒன்று மட்டும் கவனம். கான்வென்டில் படித்தவர்களில் இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகள் நிறைய. கோயில் பதிவேட்டை மட்டும் நம்பினால் பாதி வகுப்பு காணாமல் போய்விடும். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு இருக்கிறது. பரிசளிப்பு விழாச் செய்திகளில் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள், நாலு விதமாகத் தட்டித் தேடுங்கள்.

இனி ஆட்கள். வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, தலைவலிதான் வரும். "ராணி முடிசூட்டியபோது எந்த வகுப்பு? மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள் அன்று எங்கே நின்றீர்கள்?" என்று கேளுங்கள். 1953-உம் 1957-உம் தானாக வந்து உட்காரும். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். என் முதல் ஒன்றரை மணி நேரப் பேட்டியில் 'கடகட'வைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு வியர்க்க வியர்க்க உட்கார்ந்துதான் மற்றதெல்லாம் எடுத்தேன்.

எல்லோரும் மதர், சிஸ்டர் பெயர்களைத்தான் தேடுகிறார்கள். அவை எப்படியும் எங்காவது இருக்கும். வாசலில் இருந்த காவல்காரர் ஜாகா, துணி வெளுத்தவர், கூட்டிப் பெருக்கிய ஆயா, இவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பலர் நம் ஆட்கள். அதனால் அவர்கள் வீட்டுக்கே போங்கள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் மகளோடு இருக்கும் ஒரு பாட்டி, விடுதிப் பிள்ளைகளுக்கு ரொட்டி வெட்டியவர். "ஒரு ரொட்டிக்குப் பதினாறு துண்டு. பதினேழு வந்தால் அன்றைக்குக் கத்தி நல்ல கூர். பதினைந்து வந்தால் எனக்குத் திட்டு" என்று சொல்லி, சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையை வைத்து அளந்து காட்டினார். பதினாறாவது துண்டு வரும்வரை கை நிற்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன், பேசியவர்களிடம் அவரவர் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தேதி திருத்துவார்கள், சிலர் ஒரு பத்தியையே எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். பாட்டி திருத்தியது ஒரே ஒரு சொல். சமையல்காரி என்று எழுதியிருந்தேன். "அது வேண்டாம் கண்ணு. குசினி அம்மா என்று போடு. பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும்."