முஸ்லிம் நிர்வாகப் பள்ளிகளில் நல்லிணக்கக் கல்வி: தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் சில வழிமுறைகள்

நல்லிணக்கம் என்றதும் பொங்கலுக்கு ஒரு விழா, ரம்ஜானுக்கு ஒரு விழா என்று நாட்காட்டியை நிரப்பத் தொடங்குவது சென்னைப் பள்ளிகளின் வழக்கம். விழாக்கள் இருக்கட்டும்; முதலில் திருத்த வேண்டியவை சேர்க்கைப் படிவமும் கால அட்டவணையும்தான்.

படிவத்தில் மதத்தோடு வீட்டுமொழியையும் கேட்டு எழுதுங்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளையும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளும், இந்து, கிறித்தவப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் என்று நிர்வாகமே எண்ணிக்கொள்வதுதான், என் பார்வையில், முதல் இடறல். ஷாஃபி மத்ஹப் எனும் இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றுவோருக்கு, அஸர் எனும் பிற்பகல் தொழுகையின் நேரம் ஹனஃபி மரபினருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசிப் பாடவேளையை வகுக்கும்போது இரு தரப்பு ஹஜ்ரத்மார்களையும் (மார்க்க அறிஞர்களையும்) அழைத்துப் பேசிவிட்டால், 'எங்கள் முறை, உங்கள் முறை' என்ற பேச்சு மாணவர்களிடையே எழாது.

அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், மாணவரின் சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்பின் 28(3) ஆம் பிரிவு. ஆகவே தீனியாத் எனும் இஸ்லாமிய மார்க்க வகுப்புக்கான சம்மதத்தைச் சேர்க்கையின்போதே எழுத்தில் பெறுங்கள். அவ்வகுப்பில் சேராத பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைப்பது அவர்களைத் தண்டிப்பது போலாகிவிடும். அதே பாடவேளையில் ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் நன்னெறி வகுப்போ நூலக வகுப்போ நடக்க வேண்டும்.

பாடத்துக்குப் பொருள் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில், அரபு நாடு வயலும் நீரும் செழித்த தமிழ் மருத நிலமாகவே காட்சி தருகிறது. அதைத் தமிழாசிரியரும் தீனியாத் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தலாம். இருவரும் ஒன்றாக நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே பாதிப் பாடம்.

ஆண்டுக்கொரு முறை திருவல்லிக்கேணிக்கு நடந்து செல்லுங்கள். 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலையும் பார்த்தசாரதி கோயில் தெருவையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அப்பள்ளிவாசலில் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் உணவைப் பல பத்தாண்டுகளாகப் பரிமாறுபவர்கள் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள். அதை முன்கூட்டிச் சொல்லாமல், அவர்கள் ஏன் பரிமாறுகிறார்கள் என்பதை மாணவர்களே விசாரித்து எழுதி வரச் செய்யுங்கள்.