அமால் கார்புரேட்டருக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களா?

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் அது. முதலில் கார்புரேட்டரின் பக்கவாட்டைத் துடையுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ் போதும். ஐம்பது வருஷத்து அழுக்கு போனதும் அடியில் ஓர் எண் தெரியும். என் 1970 நார்ட்டன் கமாண்டோவில் கார்புரேட்டர் இரண்டு: வலப்பக்கம் ஆர் 930, இடப்பக்கம் எல் 930, அதற்குப் பின் ஒரு சாய்கோடு, இன்னும் ஒன்றிரண்டு இலக்கம். அந்த எண்ணைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கேட்காவிட்டால் வேறு கடை பாருங்கள்.

எண்ணைப் படிப்பது சுலபம். 9 என்றால் பெரிய உடல், 6 என்றால் சிறிய உடல். அடுத்த இரண்டு இலக்கம் காற்று போகும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். ஆக 930 என்றால் 30 மி.மீ., 626 என்றால் 26. ஆர், எல் என்பது திருகுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதற்கு. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது எந்த வண்டிக்கான செட்டிங் என்பதைச் சொல்லும்.

இது 1967இல் வந்த கான்சென்ட்ரிக் என்ற வகைக்கான கணக்கு. அதற்கு முந்தைய வண்டியென்றால் 375, 376, 389 என்று தொடங்கும் எண் இருக்கும். அது மோனோபிளாக், ஃப்ளோட் அறை (மிதவை வைத்துப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் சின்னத் தொட்டி) பக்கவாட்டில் உடலோடு ஒட்டி வார்த்திருக்கும். அதற்கும் முந்தையது 276, 289. அதில் ஃப்ளோட் அறை தனியாகத் தொங்கும். எல்லாவற்றிலும் அமால் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் சாமான் மாறும். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட் மட்டும் மோனோபிளாக்குக்கும் கான்சென்ட்ரிக்குக்கும் ஒன்றே. கடையில் 376/100 என்று கேட்டால் இரண்டுக்கும் பொருந்துவதைத் தருவார்கள். தொங்கும் ஃப்ளோட் அறை வண்டிக்கு அது சேராது, அதற்கு 4/042.

இதெல்லாம் தெரியாமல் ஆரம்பித்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "முழு ரிப்பேர் கிட்" என்று மலிவாக ஒன்று வாங்கினேன். பளபளவென்று வந்தது. மாட்டினால் வண்டி ஒரு நாள் கறுப்புப் புகை கக்கும், மறுநாள் திக்கித் திணறும். இரண்டு மெயின் ஜெட்டிலும் 220 என்று அச்சாகியிருந்தது. அமாலில் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு: சோதனை மேடையில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சி.சி. ஓடும் என்பது. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று ஒரு பாட்டிலை அலமாரி உச்சியில் வைத்து, குழாய் இறக்கி, நுனியில் ஜெட்டைச் சொருகி, அளவுக் குவளையில் 100 மில்லி நிரம்பும் நேரத்தைப் பார்த்தேன். ஒரே எண் போட்ட இரண்டு ஜெட்டுக்கும் நடுவே நான்கு வினாடி வித்தியாசம். இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் வலது சிலிண்டர் ஒரு சாப்பாடு, இடது சிலிண்டர் வேறு சாப்பாடு என்றால் வண்டி எப்படி ஓடும்? ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெட்டில் எண்ணே இல்லை. அந்த கிட்டை இப்போது திருகு போட்டுவைக்கும் டப்பாவாகப் பயன்படுத்துகிறேன்.

அதனால் பெட்ரோலை அளக்கும் சாமான் எதையும் அசல் தவிர வாங்காதீர்கள். மெயின் ஜெட், நீடில் ஜெட், அதில் ஓடும் ஊசியான நீடில், மிதவையோடு ஏறிப் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில். நான்கு ஸ்ட்ரோக் கான்சென்ட்ரிக்குக்கு நீடில் 622/124, நீடில் ஜெட் 622/122. இதே உடலில் டூ ஸ்ட்ரோக்குக்கான உள்சாமான் போட்டும் விற்றிருக்கிறார்கள், ஆகவே எண் சொல்லிக் கேளுங்கள். நீடில் ஜெட்டின் துளை 106 என்றால் 0.106 அங்குலம். ஊசி ஓயாமல் உரசுவதால் அது வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோல் பில்லில் தெரியும். விலை சொற்பம்தான், ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? இந்த ஊரில் இது சங்கடமான கேள்வி இல்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் விட்டன் பகுதி வரும். அமால் தொழிற்சாலை அங்கே ஹோல்ஃபோர்டு ரோட்டில்தான் இருந்தது. 1927இல் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து உருவானது. இப்போது அமால் பெயரும் வரைபடங்களும் சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனத்திடம் இருக்கின்றன. எஸ்.யு. என்ற இன்னொரு வகைக் கார்புரேட்டரும் அவர்களிடமே, ஆகவே 1950களின் டிரையம்ப் தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கும் அதே கதவுதான். நேரடியாகவும் வாங்கலாம், அவர்களிடம் எடுத்து விற்கும் பழைய வண்டிச் சாமான் கடைகளிலும் வாங்கலாம்.

எல்லாமே புதிதாக வாங்க வேண்டுமென்று இல்லை. ஏப்ரலில் ஸ்டாஃபோர்டில் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் தரையில் தார்ப்பாய் விரித்து இரும்புச் சாமான் விற்பார்கள். நம்ம புதுப்பேட்டை மாதிரிதான், மழையும் டீயும் கூடுதல். அங்கே வாங்கத் தகுந்தவை மூடி, மூடி வளையம், கேபிள் அட்ஜஸ்டர், அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம். தொடக்கக் காலத்துக் கான்சென்ட்ரிக் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு கிடையாது. பின்னால் வந்ததில் உண்டு. பெரிய திருகு ஒன்றைக் கழற்றினால் அழுக்கும் வடியும், மெயின் ஜெட்டும் கைக்கு எட்டும். அப்படி இரண்டு கிண்ணம் போன வருஷம் கிடைத்தது. பேரம் பேசலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தார்ப்பாயில் வாங்கவே கூடாதது உடல். எடுத்ததும் ஸ்லைடை (ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் உருளையை) உள்ளே விட்டுக் கட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் திரும்ப வைத்துவிடுங்கள். உடலும் ஸ்லைடும் ஒரே மென்மையான உலோகக் கலவை, ஒன்றையொன்று தின்னும். தேய்ந்த உடலில் புது ஸ்லைடு போடுவது ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி. அடுத்து எஞ்சினோடு சேரும் ஃபிளாஞ்ச் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் யாரோ நட்டை வெறியோடு முறுக்கி அதை வளைத்திருக்கிறார்கள். லேசான வளைவு என்றால் கண்ணாடித் தட்டின் மேல் எமரித்தாள் விரித்துத் தேய்த்து நேராக்கலாம், அதிகம் என்றால் வேண்டாம்.

இன்னொரு சமாசாரம், இதற்கு ஒரு முழு சனிக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன். என்னுடையது போன்ற நான்கு ஸ்ட்ரோக் கான்சென்ட்ரிக்கில், ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் என்பது உடலுக்குள் அறைந்து இறக்கிய ஒரு சின்ன புஷ், அதாவது துளையுள்ள குழல். கழற்ற முடியாது, துளை 0.016 அங்குலம். அது அடைத்தால் வண்டி ஐடிலில் நிற்காது, ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் மாற்றம் இருக்காது. பலர் இதைக் கண்டு கார்புரேட்டரே போச்சு என்று விற்றுவிடுகிறார்கள். சாமான் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். 16 நம்பர் (0.016 அங்குலம்) கிதார் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, நுனியைச் சாய்வாகத் தேய்த்து, அந்த ஓட்டை வழியாக நேராக உள்ளே விடுங்கள். ஆழத்தில் ஏதோ முட்டும், விரலிடுக்கில் மெல்லச் சுழற்றினால் சட்டென்று ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும். புஷ் திறந்துவிட்டது. பிறகு கிளீனர் ஸ்பிரேயின் குழலை அதே ஓட்டையில் அழுத்திப் பீச்சினால் காற்றுத்துளையின் தரையில், ஸ்லைடு இறங்கும் இடத்தருகே, இரண்டு பொட்டு ஓட்டைகளிலிருந்தும் ஊசிபோல் தெறிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நான் போடவில்லை.

திருச்சியில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "டேய், ஜெட்டுல கம்பி விட்டுக் குத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்றார். பெரிய துளை ஜெட்டுக்கு அது சரியான அறிவுரை. "இல்லப்பா, இது புஷ், அளவான கம்பி" என்றேன். சமாதானம் ஆகவில்லை. அவரிடம் இருப்பது மெட்ராஸ் புல்லட், அதில் மிக்கார்ப் வி.எம். 24 கார்புரேட்டர். அந்த ஜெட் இங்கே சேராது, மரையே வேறு. ஆனாலும் இரண்டு பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்.

உடல் தேய்ந்துவிட்டதென்றால் இரண்டு வழி. உடலைக் குடைந்து உள்ளே ஸ்லீவ் என்ற உறை போடுபவர்கள் இருக்கிறார்கள். அல்லது பிரீமியர் என்ற பெயரில் அமால் இப்போது விற்கும் புதிய கான்சென்ட்ரிக். அதில் கடினப்படுத்திய அலுமினிய ஸ்லைடு, கழற்றக்கூடிய பைலட் ஜெட் இரண்டும் உண்டு. ஜோடியாக வாங்கினால் பர்ஸ் வலிக்கும். ஆனால் ஸ்லீவ் கூலி, ஸ்லைடு, ஃப்ளோட் என்று கூட்டிப் பார்த்தபோது எனக்குப் புதிதே மேல் என்று பட்டது. எண்ணை மாற்றாமல் காப்பாற்ற நினைக்கிறவர்கள் ஸ்லீவுக்குப் போகட்டும்.

ஃப்ளோட் பற்றி ஒரு வார்த்தை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ஃப்ளோட்டுக்கும் ரப்பருக்கும் அது ஆகாது. ஸ்டே-அப் என்று பெயரிட்ட புதிய ஃப்ளோட்டும், வைட்டான் ரப்பர் நுனி வைத்த அலுமினிய ஃப்ளோட் நீடிலும் வாங்குங்கள். குளிர்காலத்துக்கு வண்டியை மூடும் முன் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ஆர்டர் போடும்போது வண்டியின் பெயர், வருஷம், இரு பக்க எண், இப்போது உள்ளே இருக்கும் ஜெட் எண்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். என் வண்டிக்கு மெயின் 220, நீடில் ஜெட் 106, ஸ்லைடு 3, நீடிலின் கிளிப் நடு வெட்டில். கூடவே ஃபிளாஞ்ச் ஓ-ரிங் இரண்டு, கிண்ணத்துப் பேக்கிங் நான்கு. பேக்கிங் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கிழியும்.