பிரசவத்தில் ஹெர்பிஸ் குழந்தைக்குத் தொற்றாமல் காப்பது எப்படி?

உங்களுக்கோ கணவருக்கோ உதட்டிலோ பிறப்புறுப்பிலோ நீர் கோத்த கொப்புளங்கள் எப்போதாவது வந்திருந்தால், அது ஹெர்பிஸ் என்னும் வைரஸ் தொற்றாக இருக்கலாம்; அதை முதல் பரிசோதனையிலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருப்பது இயல்பே. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ஹெர்பிஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு பிரசவ நேரத்தில்தான் தொற்றுகிறது என்பதால், நீங்கள் சொல்வதை வைத்தே மருத்துவர் பிரசவத்தைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளாகக் கொப்புளம் வந்து போகும் தாய்மார்களே அதிகம் அஞ்சுகிறார்கள். உண்மையில், கிருமியை எதிர்க்கத் தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைவதால், அவர்களிடமிருந்து தொற்றும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. கர்ப்பத்தின் இறுதியில் முதன்முறையாகத் தொற்றுக்கு ஆளாகும் தாயிடமோ அது 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. ஆகவே கணவருக்குத் தொற்று இருந்து உங்களுக்கு இல்லையெனில், கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவு உட்பட எல்லா உடலுறவையும் தவிர்த்துவிடுங்கள்.

பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் வந்தவர்களுக்கு 36ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவது வழக்கம். அதை மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். வலி எடுத்து மருத்துவமனைக்குச் செல்லும்போது கொப்புளமோ, அதற்கு முன்னோடியான எரிச்சலோ குத்தலோ இருந்தால் உடனே தெரிவியுங்கள். அப்போது சிசேரியனே பாதுகாப்பானது. எதுவும் இல்லையெனில் பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை.

பிறந்தபின் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, மார்பில் புண் இருந்தாலொழிய; அப்போதும் புண் இல்லாத பக்கம் கொடுக்கலாம். உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் குழந்தையை முத்தமிட விடாதீர்கள். ஹெர்பிஸோடு குழப்பிக்கொள்ளப்படும் அக்கி, சின்னம்மைக் கிருமியால் வருவது; அக்கி வந்தவர் குயவரிடம் காவியால் எழுதிக்கொண்டிருந்தாலும், கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அவற்றிலிருந்து சின்னம்மை தொற்றக்கூடும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கே சின்னம்மை கண்டால், குழந்தைக்கு உடனடியாக இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) ஊசி தேவைப்படும்.

முதல் நான்கு வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடல் சில்லிட்டாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, தோலில் கொப்புளம் தெரியட்டும் என்று காத்திராதீர்கள்; பல குழந்தைகளுக்குக் கொப்புளமே வருவதில்லை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஹெர்பிஸ் என்று சந்தேகம் எழுந்தால், பரிசோதனை முடிவு வரும் முன்பே நரம்பு வழியாக அசைக்ளோவிர் தொடங்குவார்கள். உறுதியானால், தோலோடு நின்ற நோய்க்கு 14 நாள்களும், மூளையையோ உள்ளுறுப்புகளையோ தொட்டுவிட்ட நோய்க்குக் குறைந்தது 21 நாள்களும் அது தொடரும். குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் இடையில் அழைத்துச் செல்லக் கேட்காதீர்கள்.