"எங்க ஊர்ல பாக்காத வெயிலா?"

ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். ஆட்கள்மேல் குறை சொல்லவில்லை, காலம் அப்படி. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில் சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் அசையாது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது இந்தப் பருவத்தில்தான். அதற்கு முன் அதே அளவு வந்தது 1983 ஏப்ரலில், தெங்காவில்.

நான் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். சைட்டில் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "சேஃப்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக்கோட்டை, அறந்தாங்கி, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள் வந்த வாரமே செய்கிற காரியங்களைப் பார்த்தால், நாங்கள் வந்த புதிதில் செய்ததை யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரி இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள், நிழலில் நில்லுங்கள் என்பதையெல்லாம் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தினமும் சொல்கிறோம். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாததை மட்டும் எழுதுகிறேன்.

33 டிகிரியைப் பார்த்துச் சிரிப்பது

சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கம்பி கட்டுகிற வேலைக்கு வந்தவர். ஊரில் பல வருடம் கட்டட வேலை பார்த்து இறுகிய உடம்பு. முதல் நாள் செல்போனில் 33 டிகிரி என்று பார்த்துவிட்டு என்னிடம் காட்டிச் சிரித்தார். "அண்ணே, கத்திரி வெயில்ல 41ல நின்னு சென்ட்ரிங் அடிச்சிருக்கோம். எங்க ஊர்ல பாக்காத வெயிலா?"

இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில், தளத்துக் கம்பியில், தான் கட்டிய முடிச்சுகளைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். போர்மேன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துத் திட்டினார். தம்பி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எந்த பஸ் என்று கேட்டதற்கு, ஊர்ப்பக்கத்து மதகுபட்டி பஸ் என்றார். அதன் பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்தக் கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் அப்படியே நின்றது.

அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஊர்ப்பெருமை பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கணக்கு தப்பு என்பதுதான் பிரச்சினை.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. அந்த வியர்வை காய்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது, உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாதே, அதே சங்கதிதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் குளிராது, நாமும் குளிர மாட்டோம்.

எண்ணாகவே பார்க்கலாம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை எவ்வளவு தூரம் நம்மைக் குளிர்விக்க முடியும் என்பதற்கு அதுதான் அளவு. ஊரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் சுமார் 24. சிங்கப்பூரில் 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 27க்கும் மேலே. செல்போனில் ஏழு டிகிரி குறைவாகத் தெரிகிற நாள், உடம்புக்கு மூன்று டிகிரி கூடுதலான நாள். இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். நல்ல வெயிலடிக்கும் மதியத்திலும் 60 பக்கம்தான் இறங்கும். நாகப்பட்டினம், சென்னைப் பக்கத்து ஆட்கள் இந்தப் பேச்சை அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். கடற்கரைப் புழுக்கம் அவர்களுக்குப் பழக்கம்.

சைட்டில் முக்காலியில் நிற்கிற கருவி, கறுப்பு உருண்டை ஒன்று இருக்குமே, அதுதான் டபிள்யூபிஜிடி மீட்டர், ஈரம், வெயில், காற்றின் சூடு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது. வெளிவேலைக்கான அதன் கணக்கில் 70 சதவீதம் ஈரக்குமிழுக்கு, 20 சதவீதம் வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு. செல்போன் காட்டுகிற காற்றின் வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம். நீங்கள் பார்த்துச் சிரிக்கிற எண்ணுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. செல்போனில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சிங்கப்பூர் அரசின் மைஇஎன்வி செயலியில் வெப்ப உளைச்சல் அளவைப் பாருங்கள், அதுவும் இதே டபிள்யூபிஜிடி எண்தான். 31க்குக் கீழே குறைவு, 31லிருந்து மிதம், 33 தொட்டால் அதிகம்.

சரி, அப்படியானால் இங்கே வருடக்கணக்காக வேலை பார்க்கிறவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? உடம்பு பழகிக்கொள்கிறது. வெக்கையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது குறையும். இதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஊரில் வெயிலில் உழைத்தவருக்குப் பாதி பழக்கம் இருக்கலாம். ஆனால் விசா வரும்வரை வீட்டில் காத்திருந்து, விமானத்தில் ஏறி, ஏசி ஹாலில் பயிற்சி வகுப்பு முடித்து வந்து நிற்கிறவருக்கு அந்தப் பாதியும் கரைந்திருக்கும்.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த வழிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்குக் குறைந்தது 7 நாளில் படிப்படியாக வெயில் வேலையைக் கூட்ட வேண்டும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் சொல்கிற கணக்கு இன்னும் கறார்: முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம்தான் வெயிலில், பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது.

நடப்பது என்ன? புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே பெயர் வாங்க வேண்டும். "பையன் பரவாயில்ல, நல்லா பண்றான்" என்று போர்மேன் வாயிலிருந்து வரவேண்டும். போர்மேனுக்கோ லெவி (வெளிநாட்டு ஆளுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டுகிற வரி) ஓடுகிறது, ஆள் பற்றாக்குறை, தளம் வெள்ளிக்கிழமை கான்கிரீட்டுக்குத் தயாராக வேண்டும். இரண்டும் சேர்ந்தால், உடம்பு எதற்கும் தயாராகாத அந்த ஏழு நாளில்தான் ஆள் மிக அதிகமாக உழைக்கிறார். சில சைட்டுகளில் கடினமான வேலையைப் புது ஆளிடம் தள்ளுவது ஒரு மரபாகவே இருக்கிறது. எனக்குக் கோபம் முழுவதும் தம்பிகள்மேல் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு லீவில் போய்வருகிற பழைய ஆட்களும் இதில் சேர்த்திதான். ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தாலே பழக்கம் கழன்றுவிடும். தங்கச்சி கல்யாணம் முடித்து ஒரு மாதம் கழித்து வருகிறவர், "நான் பத்து வருஷ ஆளு" என்று நேராக மேலே ஏறுவார். பத்து வருடம் பாஸ்போர்ட்டில் இருக்கும், உடம்பில் இருக்காது. அமைச்சின் 7 நாள் கணக்கு இவர்களுக்கும் உண்டு.

அதனால் வந்த முதல் வாரம் உங்கள் ஹெல்மெட்டில் புது ஆள் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் கோபித்துக்கொண்டு கிழிக்காதீர்கள். கூட வேலை பார்ப்பவர் உங்களைக் கவனிப்பதற்காகத்தான் அது.

மேகமாக இருக்கிறது, பரவாயில்லை என்பது

மேகம் வந்தால் மீட்டர் கணக்கில் முக்கியமாக இறங்குவது கறுப்பு உருண்டைக்கான அந்த 20 சதவீதப் பங்குதான். ஈரம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைவிட மோசம், சடசடவென்று இருபது நிமிடம் பெய்துவிட்டு வெயில் திரும்ப வருகிற நேரம். தரையிலிருந்து ஆவி கிளம்பும். மழையில் விட்ட வேலையைப் பிடிக்க எல்லோரும் வேகமாக ஓடுவதும் அப்போதுதான். மழை விட்டதும் மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

தலைவலிக்குப் பனடால் போட்டுவிட்டு மேலே ஏறுவது

வெயிலில் ஏறிய சூட்டைப் பனடால் இறக்காது. கீழேயே இருங்கள்.

கழிவறை தூரம் என்று தண்ணீரைக் குறைப்பது

தண்ணீர் குடிக்கவேண்டும் என்று தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் பதினான்காவது மாடியில் நிற்கிறவருக்குக் கழிவறை தரையில் இருக்கிறது, ஹாய்ஸ்ட் (சைட் லிஃப்ட்) வர நேரமாகிறது, போய்வந்தால் போர்மேன் முறைக்கிறார். அதனால் காலை முழுக்க நாக்கை நனைத்துக்கொண்டு, மதியம் ஒரேயடியாக ஒன்றரை லிட்டரை ஊற்றிக்கொள்கிறார்கள். வயிறு உப்புமே தவிர, காலையில் போனது அந்த நேரத்துக்கு வந்து சேராது. மணிக்கு 300 மில்லியாவது என்பதுதான் அமைச்சின் பரிந்துரை, அதாவது சின்ன பாட்டிலில் பாதிக்குமேல். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கினால் கொஞ்ச நேரம் ஆயிற்று என்று அர்த்தம் இல்லை, ரொம்ப நேரம் ஆயிற்று. கழிவறையை நடு மாடிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

ஓய்வு நேரத்தை வெயிலிலேயே கழிப்பது

கடினமான வேலை என்றால், மீட்டர் 32 தொட்டதும் மணிக்கு 10 நிமிடம், 33க்கு 15 நிமிடம் நிழலில் ஓய்வு. அந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல், விசிறி இல்லாத கண்டெய்னருக்குள் உட்கார்ந்து வீடியோ பார்த்தால் உடம்புக்கு ஓய்வு கிடைக்காது. காற்று வருகிற இடத்தில் உட்காருங்கள். ஐஸ் பெட்டித் தண்ணீரில் முழங்கைவரை இரண்டு கையையும் சில நிமிடம் வைத்திருங்கள், சூடு சீக்கிரம் இறங்கும். கழுத்தில் போட்ட ஈரத்துண்டு இந்தப் புழுக்கத்தில் சீக்கிரமே வெதுவெதுவென்று ஆகிவிடும். அடிக்கடி நனைக்காவிட்டால் அது வெறும் துண்டுதான்.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைப்பது

உழைக்கும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் குளித்துக்கொண்டே விழலாம். தோல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பேச்சைப் பாருங்கள். குழறுகிறாரா, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறாரா, தன் வேலையைத் தானே கலைக்கிறாரா? அவ்வளவு போதும், 995க்கு அடியுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அந்த ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. செலவுக்குப் பயந்து லாரியில் படுக்கவைத்து டார்முக்கு (தொழிலாளர் விடுதிக்கு) அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்கவும் கூடாது. இங்கேதான் நம் ஆட்களில் யாராவது ஒருவர், "சூட்டு உடம்புல தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி வந்துரும்" என்பார். ஊற்றுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், பூட்ஸையும் மேல்சட்டையையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குள், கழுத்து, தொடை இடுக்கு மூன்றிலும் ஐஸ் வையுங்கள். உடம்புக்குள் 40 டிகிரிக்கு மேல் ஏறிக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் சேதம்தான். நினைவு தடுமாறுகிறவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஞாயிறு இரவு பீர், திங்கள் காலை கான்கிரீட்

இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

அறைக்குள் ஈரத்துணி

பகலில் ஏறிய சூடு இரவில் இறங்கியாக வேண்டும். இந்த மாதங்களில் இரவும் லேசில் குளிர்வதில்லை. டார்ம் அறையில் பத்துப் பேரின் துவைத்த சட்டைகளைக் கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டிக் காயப்போட்டால், அந்தத் தண்ணீர் முழுவதும் காற்றுக்குத்தான் வருகிறது. சன்னலையும் சாத்திவிட்டு, "ஃபேன் போட்டும் புழுங்குதே" என்று புரண்டு புரண்டு படுத்து, ஒரு மணிக்குச் செல்போனை எடுத்தால் அடுத்த நாள் பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கம் கெட்ட உடம்பு சூட்டைத் தாங்காது.

துணியை வெளி நடையில் போடுங்கள். திருட்டுப் போகும் என்ற பயம் இருந்தால் அறையில் ஒருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபேனைச் சன்னல் பக்கம் திருப்பி, உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ள விடுங்கள். புதிதாக வந்தவர் இதைச் சொன்னால் அறையில் சண்டை வரும். அறைக்கு மூத்தவரிடம் சொல்லி, அவர் வாயால் சொல்லவையுங்கள்.