அந்நிய மண்ணுக்குப் படை அனுப்பலாமா: மேடை ஏறுமுன் எடைபோடும் முறை

தன் மக்களையே கொடுமைப்படுத்தும் ஓர் அரசின் மீது வெளிநாடுகள் படை அனுப்பலாமா என்று மதுரைக் கல்லூரியொன்றில் பட்டிமன்றம் வைத்தால், மாணவர்கள் முதல் வேலையாக இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அதற்கு முன் தலைப்பைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். 'தலையிடலாமா' என்று பொதுவாகக் கேட்டால் குரல் வளமுள்ளவரே வெல்வார். 'இன்ன நாட்டில், இன்னார் படை அனுப்பினால், அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன நேரும்' என்று கேட்டால்தான் சிந்தனை தொடங்கும்.

சட்டத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2(4)ஆம் பிரிவு பிற நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 51ஆம் பிரிவு கூறும் தற்காப்பும், பாதுகாப்பு அவையின் அனுமதியும் மட்டுமே விலக்கு. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் தம் வீட்டோ என்னும் தடுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தினாலும் அனுமதி கிடைக்காது. ஆனால் சட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். 1994இல் ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த அமைதிப் படையைக் குறைத்ததும் அதே அவைதான்.

அடுத்து, ஒடுக்குமுறையையும் படுகொலையையும் பிரித்துப் பாருங்கள். கள்ளத் தேர்தலும் பத்திரிகைத் தடையும் கொடியவையே. ஆனால் குண்டுவீச்சு அவற்றைச் சீராக்கும் என்று நான் நம்பவில்லை. கண்ணெதிரே கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்லப்படும்போது மட்டுமே படை என்ற பேச்சுக்கு இடமுண்டு. படை அனுப்புகிறவர் முதல் நாளில் சொல்லும் காரணத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். 2003இல் ஈராக் போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் பின்னர் கிடைக்கவே இல்லை.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது வெற்றிக்கு மறுநாளைப் பற்றித்தான். 1971இல் இன்றைய வங்கதேசமான கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்த பின், டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. இந்தியாவுக்குச் சொந்த நலனும் இருந்தது என்பது உண்மை. ஆயினும் ஆட்சியை ஏற்க 1970 தேர்தலில் வென்ற கட்சி அங்கே தயாராக இருந்தது. இந்தியப் படையும் 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. லிபியாவிலோ 2011இல் பாதுகாப்பு அவையின் அனுமதியோடுதான் குண்டு விழுந்தது (அந்த வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்தது). அக்டோபரில் அந்நாட்டை ஆண்டுவந்த கடாஃபி கொல்லப்பட்டார். நாட்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டது.

இனி ஏட்டை மூடிவிட்டு, மதுரைப் பக்கத்து உச்சப்பட்டி அகதிகள் முகாமிலோ திருவாதவூர் முகாமிலோ இருக்கும் ஈழத்துப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு உட்காருங்கள். கேள்வித்தாளோடு போக வேண்டாம். அவர்கள் தொடங்கும் இடத்திலிருந்தே கேளுங்கள். 1990இல் இங்கு வந்த ஓர் அம்மா என்னிடம், 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவு போட்டதிலிருந்து தொடங்கினார். "வானத்திலயிருந்து பார்சல் விழேக்க கை தட்டினனாங்கள் தம்பி. நாலு மாசத்தில அதே நாட்டு ஆமிக்குப் பயந்து நல்லூர்க் கோயிலுக்குள்ள கிடந்தனாங்கள்" என்றார். இந்திய அமைதிப் படை இலங்கை அரசுக்கு எதிராகச் செல்லவில்லை, இரு நாடுகளும் 1987இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படியே சென்றது என்பதை மேடையில் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனாலும் காப்பாற்றப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில்தான் வெளியேறியது. இடையில் சிக்கி மாண்ட பொதுமக்களும் ஏராளம்.

2009இல் முள்ளிவாய்க்கால் செய்திகள் வந்த நாட்களில், இந்தியா படை அனுப்பாதா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ஏக்கம் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். அந்த அம்மாவிடம் அதையும் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். யாராவது வந்து ஷெல்லடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். வருகிறவர் எப்போது திரும்பிப் போவார் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றார். உங்கள் அணி எதுவானாலும், அவருடைய இரண்டாவது வாக்கியத்துக்கு விடை எழுதிக்கொண்டு மேடை ஏறுங்கள்.