மிஷன் எடிட்டிங் கற்றுத்தரும் வீடியோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்மா 3 என்ற ராணுவக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நம் கையால் ஒரு மிஷன் செய்து, அதில் நண்பர்களை இறக்கிவிட்டு, நாம் வைத்த பதுங்கலில் அவர்கள் மாட்டுவதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. அதைப் புதியவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று வீடியோ போடுகிறவர்கள் பலர். நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். இருந்தும் பார்க்கிறவர் பாதியில் விட்டுவிடுகிறார். வீடியோவில் எல்லாம் முதல் தடவையே வேலை செய்துவிடுகிறது, அவர் கம்ப்யூட்டரில் செய்வதில்லை. ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் வழியை யாரும் காட்டவில்லை. என் பார்வையில் மற்ற எல்லாக் குறைகளையும்விட இதுதான் பெரியது. அதற்கு வருவதற்கு முன், தொடக்கத்திலேயே ஆளை விரட்டிவிடும் சில தவறுகள்.

எந்த எடிட்டர், எந்த வரைபடம், என்னென்ன மாட்கள் (விளையாட்டோடு வராமல் நாமே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகள்) என்று சொல்லாமல் ஆரம்பிப்பது முதலாவது. ஆர்மா 3 வெளிவந்தது 2013 செப்டம்பரில். இன்று நாம் பயன்படுத்தும் முப்பரிமாண ஈடன் எடிட்டர் வந்தது 2016 பிப்ரவரியில். அதுவரை இருந்தது, வரைபடத்தை மேலிருந்து பார்த்து ஐகான்களை வைக்கும் பழைய எடிட்டர். 2001-இல் வந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட் விளையாட்டின் காலத்து வழிமுறை அது. அந்த எடிட்டரில் எடுத்த வீடியோக்கள் இன்னமும் தேடலில் வருகின்றன. புதியவர் அதைத் திறந்துவிட்டு, தன் திரையில் அந்தப் பெட்டியே இல்லையே என்று முழிக்கிறார். அதனால் முதல் பத்து விநாடிக்குள் சொல்லிவிடுங்கள்: இது ஈடன் எடிட்டர், வரைபடம் இது, மாட் எதுவும் இல்லை.

மாட் எதுவும் இல்லாமல் எடுப்பது முக்கியம். பல வருடம் எடிட்டரில் உட்கார்ந்தவர்கள் 3டென் என்ஹான்ஸ்டு போன்ற மாட்களைப் போட்டிருப்பார்கள். அருமையான கருவிதான். ஆனால் அது எடிட்டரில் புதிய மெனுக்களையும் அமைப்புகளையும் சேர்க்கிறது. நாளடைவில் எது விளையாட்டோடு வந்தது, எது மாட் கொண்டுவந்தது என்பதே மறந்துபோகும். நீங்கள் "இங்கே வலது கிளிக் செய்து இதைத் தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லும்போது, பார்க்கிறவரிடம் அந்த வரியே இருக்காது. வீடியோ எடுக்கும் அன்றைக்கு மட்டுமாவது லாஞ்சரில் எல்லா மாட்களையும் அணைத்துவிட்டு விளையாட்டைத் திறங்கள். வரைபடத்திலும் இதே கவனம் வேண்டும். டனோவா அழகான தீவுதான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஏபெக்ஸ் விரிவாக்கத்தோடு வருவது. கற்றுக்கொள்ள வந்தவரிடம் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள். விளையாட்டோடு வரும் ஆல்டிஸ் சுமார் 270 சதுர கிலோமீட்டர், லோட் ஆவதற்கே நேரம் பிடிக்கும். ஸ்ட்ராடிஸ் சிறியது, அது போதும். கட்டம் போட்ட வெறும் தரையாக இருக்கும் வர்ச்சுவல் ரியாலிட்டி வரைபடம் அதைவிட வசதி. சட்டென்று திறக்கும், டிரிகர் (நிபந்தனை நிறைவேறியதும் நாம் சொன்னதை நடத்தும் கருவி) எல்லை எங்கே முடிகிறது என்பதும் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது, எடிட்டரைச் சுற்றிக்காட்டும் இருபது நிமிட உலா. எஃப் 1 ஆப்ஜெக்ட், எஃப் 2 கம்போசிஷன், எஃப் 3 டிரிகர், எஃப் 4 வேபாயின்ட், எஃப் 5 சிஸ்டம், எஃப் 6 மார்க்கர் என்று வரிசையாக எல்லாவற்றையும் விளக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. பயன்படுத்தும் இடம் வரும்போது அந்தப் பொத்தானைச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவர் ஒரு வீரனை வைத்து, எதிரே ஒரு எதிரிக் குழுவை வைத்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி வலது கிளிக் செய்து அந்தக் குழுவுக்கு ஒரு வேபாயின்ட் (போய்ச் சேர வேண்டிய இடம்) கொடுத்து, ப்ளே பொத்தானை அழுத்திவிட வேண்டும். எதிரி நடந்து வந்து சுடுவதைப் பார்த்த பிறகு அவர் எழுந்து போகமாட்டார்.

டிரிகர் வேலை செய்யாத கதை

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருவோம். ஆசிரியர் டிரிகரை வைக்கிறார், பெட்டிகளை நிரப்புகிறார், ஓட்டிக் காட்டுகிறார், வேலை செய்கிறது, அடுத்த பாடத்துக்குப் போகிறார். பார்ப்பவர் அதையே செய்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. எடிட்டரும் தவறு என்று எதையும் சொல்வதில்லை. மௌனமாக இருக்கிறது.

ஏன் என்று பார்த்தால், காரணங்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். யார் வந்தால் டிரிகர் எழ வேண்டும் என்று சொல்லும் ஆக்டிவேஷன் பெட்டியை 'நன்' என்றே விட்டுவிட்டு, நிபந்தனை எழுதும் கண்டிஷன் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் 'திஸ்' என்ற சொல்லையும் அப்படியே வைத்திருப்பார். அந்த நிலையில் 'திஸ்' ஒருபோதும் உண்மையாகாது, டிரிகர் எழுந்திருக்கவே போவதில்லை. அல்லது ஆக்டிவேஷனில் ப்ளூஃபோர் (நீல அணி) என்று தேர்ந்தெடுத்துவிட்டு, தன் வீரனைச் சிவப்பு அணியான ஆப்ஃபோரில் வைத்திருப்பார். அல்லது எல்லை மிகச் சிறியதாக இருக்கும், ஓடும் வண்டி அதற்குள் நிற்கும் நேரமே போதாது. டிரிகர் தன் நிபந்தனையைச் சுமார் அரை விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வேகமாகப் போகும் ஜீப்புக்கு அரை விநாடி என்பது நல்ல தூரம்.

எனவே வீடியோவில் வேண்டுமென்றே தவறாக வையுங்கள். ஓட்டுங்கள். வேலை செய்யவில்லை என்று காட்டுங்கள். பிறகு எடிட்டருக்குத் திரும்பி, முதலில் ஆக்டிவேஷன், அடுத்து அணி, அப்புறம் எல்லை என்று ஒவ்வொன்றாகத் தேடும் முறையைக் காட்டுங்கள். இதற்கு மூன்று நிமிடம் கூடுதலாகும். ஆனால் அந்த மூன்று நிமிடம்தான் அவரோடு கடைசிவரை இருக்கும்.

எதிரிகளை எல்லாம் ஒழித்ததும் மிஷன் முடிய வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லா வீடியோவிலும் வரும் பாடம். வழக்கமாகச் சொல்லித்தருவது: ஒரு டிரிகர், ஆக்டிவேஷனில் ஆப்ஃபோர், வகையில் 'நாட் ப்ரெசென்ட்'. அந்த எல்லைக்குள் ஆப்ஃபோர் இல்லையென்றால் டிரிகர் எழும். டெமோவில் நான்கு எதிரிகள், நால்வரும் இறந்ததும் முடிந்தது, எல்லாம் சரி. உண்மையான மிஷனில் என்ன ஆகும்? ரோந்து போகும் குழு எல்லைக்கு வெளியே நடந்து போனாலும் இல்லை என்றுதான் கணக்கு, ஒருவரையும் சுடாமலே வெற்றி வந்துவிடும். எதிரிகள் ஸ்கிரிப்ட் (நாம் எழுதும் கட்டளைத் தொகுப்பு) வழியாகப் பிறகு வருகிறார்கள் என்றால், மிஷன் தொடங்கிய நொடியே முடிந்துபோகும். அதற்கு நேர் எதிராக, ஒரே ஒருவன் வீட்டு மாடியில் படுத்திருந்தால் நண்பர்கள் அரை மணி நேரம் அவனைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் சொல்லாமல் அந்த டிரிகரைக் கற்றுத்தருவது பாதிப் பாடம். எல்லையை நம்பாமல், குறிப்பிட்ட குழுவில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் நிபந்தனையையும் கூடவே காட்டுங்கள். இரண்டில் எது எப்போது பொருந்தும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

டிரிகரில் நேரம் கொடுக்கும் டைம்அவுட்டும் கவுன்ட்டவுனும் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் இரண்டையும் "கொஞ்ச நேரம் கழித்து நடக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். கவுன்ட்டவுனில் நிபந்தனை ஒருமுறை உண்மையானால் போதும், நேரம் ஓடி முடிந்து டிரிகர் எழும். டைம்அவுட்டில் அந்த நேரம் முழுக்க நிபந்தனை உண்மையாகவே இருக்க வேண்டும். எல்லைக்குள் ஒரு நொடி நுழைந்து வெளியே வந்து காட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓர் இடத்தைப் பிடித்து அரை நிமிடம் தக்கவைக்கும் மிஷனுக்கு எது வேண்டும் என்று அப்போது தனியாக விளக்கத் தேவையில்லை.

தனியாக ஓடும், நண்பர்களோடு ஓடாது

மிஷன் செய்கிறவர்களில் நிறையப் பேர் நண்பர்களோடு விளையாடத்தான் செய்கிறார்கள். ஆனால் பாடங்கள் தனி ஆளாக ஓட்டிப் பார்த்தவை. இந்த இடைவெளியில் நிறையப் பேர் மனம் நொந்துபோகிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு.

ஒரு ஆப்ஜெக்டின் இனிட் பெட்டியில் எழுதும் கட்டளை சர்வரிலும் ஓடும், சேர்ந்திருக்கும் ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரிலும் ஓடும், தாமதமாக வந்து சேர்கிறவரின் கம்ப்யூட்டரிலும் மறுபடி ஓடும். அந்தப் பெட்டியில் ஒரு லாரியை உருவாக்கும் கட்டளையை எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று வையுங்கள். தனியாக ஓட்டினால் ஒரு லாரி. நீங்களே ஹோஸ்ட் செய்து (உங்கள் கம்ப்யூட்டரையே சர்வராக்கி) நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஐந்து லாரி. அதேபோல ஹின்ட் கட்டளை எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ அங்கே மட்டும்தான் செய்தியைக் காட்டும். டிரிகரில் 'சர்வர் ஒன்லி' என்று டிக் செய்தால், ஹோஸ்ட் செய்கிறவருக்கு மட்டும் செய்தி தெரியும். யாரும் உட்கார்ந்து விளையாடாமல் சர்வராக மட்டும் ஓடும் தனி சர்வர் என்றால் யாருக்குமே தெரியாது.

எடிட்டரின் ப்ளே மெனுவில் மல்டிப்ளேயரில் ஓட்டிப் பார்க்கும் வழி இருக்கிறது. அதைக் காட்டுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அங்கே சர்வரும் விளையாடுபவரும் ஒரே கம்ப்யூட்டர்தான், அதனால் தனி சர்வரில் மட்டும் தலைகாட்டும் பிழைகள் அதில் வெளிவராது. கட்டளைகளில் விளையாடுபவரைக் குறிக்கும் 'ப்ளேயர்' என்ற சொல்லுக்குத் தனி சர்வரில் ஆளே கிடையாது என்பது அப்படிப்பட்ட ஒன்று. புதியவரிடம் இதையெல்லாம் முதல் பாடத்திலேயே கொட்ட வேண்டாம். "இப்போது காட்டுவது தனியாக விளையாடும் மிஷனுக்கு மட்டும்" என்று ஒரு வரி சொன்னாலே போதும், அவர் பிற்பாடு தன்னைத்தானே நொந்துகொள்ள மாட்டார். முடிந்தவரை கட்டளைகளுக்கு முன்னால் மாட்யூல்களை (கட்டளை எழுதாமலே வைத்துப் பயன்படுத்தும் தயார்க் கருவிகளை) சொல்லித்தருவதும் நல்லது. 'கிரியேட் டாஸ்க்', 'செட் டாஸ்க் ஸ்டேட்' இரண்டையும் டிரிகரோடு இணைத்தாலே ஒரு முழு மிஷன் கிடைத்துவிடும்.

ஸ்கிரிப்ட்டை மூன்று விநாடி திரையில் காட்டிவிட்டு "பாஸ் செய்து எழுதிக்கொள்ளுங்கள்" என்பது வேண்டவே வேண்டாம். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் எல்லாம் நின்றுவிடும். யூடியூப் விவரப் பகுதியில் போட்டுவிடலாம் என்றால், அங்கே 'சிறியது', 'பெரியது' என்ற கணக்குக் குறிகளை ஏற்பதில்லை. மூன்று பேருக்கு மேல் இருந்தால் என்று எழுதும் நிபந்தனையில் அந்தக் குறி வந்தே தீரும். சில வலைத்தளங்களோ நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும், விளையாட்டுக்கு அது புரியாது. முழு மிஷன் ஃபோல்டரையே தரவிறக்கும்படி கொடுத்துவிடுவதுதான் உத்தமம். மாட் எதுவும் போடாத நிலையில் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவரால் திறக்கவே முடியாமல் போகும்.

ஃபோல்டர் என்றதும் இன்னொன்று. சிறு ஸ்கிரிப்ட் கோப்புகளை உருவாக்கச் சொல்லும்போது, விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைத்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் நோட்பேடில் எழுதிச் சேமிக்கும் கோப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விளையாட்டு அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பின்னொட்டைக் காட்டும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். லாஞ்சரில் ஸ்கிரிப்ட் பிழைகளைக் காட்டும் அமைப்பையும் இயக்கச் சொல்லுங்கள். எடிட்டரில் பிழை எப்படியும் திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும், எடிட்டருக்கு வெளியே ஓட்டும்போதும் தெரிய இது வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்பதற்குத் தனியாக ஒரு சிறு வீடியோவே போடலாம்.

பதிவு செய்வதைப் பற்றிச் சுருக்கமாக: பலர் ஃபோனில் வீடியோவை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறார்கள். ஈடனின் எழுத்து சிறியது, எனவே விளையாட்டின் வீடியோ அமைப்பில் இன்டர்ஃபேஸ் அளவைப் பெரிதாக்கிவிட்டு எடுங்கள். அழுத்தும் விசைகளைத் திரையில் காட்டுங்கள் அல்லது வாயால் சொல்லுங்கள். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் குரலையும் விளையாட்டுச் சத்தத்தையும் வேறு வேறு டிராக்கில் பதிந்தால், துப்பாக்கிச் சத்தத்தில் விளக்கம் மூழ்காது.

வீடியோ நீளத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யூடியூபில் ஏற்றிய வீடியோவை, அதே முகவரியில் வேறொன்றாக மாற்ற முடியாது. இடையில் ஒரு துண்டை வெட்டலாம், அவ்வளவுதான். ஒரு மணி நேர வீடியோவின் நாற்பதாவது நிமிடத்தில் தவறாகச் சொன்னது அப்படியே நிற்கும். ஒரு பிரச்சினைக்கு ஒரு வீடியோ, எட்டுப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் தவறான ஒன்றை மட்டும் மறுபடி எடுத்துவிடலாம். நீளமாகத்தான் எடுப்பேன் என்றால் விவரப் பகுதியில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக்குறிப்புகளாவது கொடுங்கள், வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். பார்ப்பவர் முழுதும் தேடாமல் தனக்கு வேண்டியதற்குப் போய்விடுவார்.

ஏற்றுவதற்கு முன், ஈடனைத் திறந்தே பார்க்காத ஒருவரிடம் வீடியோவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். உதவி செய்யாதீர்கள். எந்த இடத்தில் அவர் இரண்டு முறை பின்னால் தள்ளிப் பார்க்கிறார், எந்த இடத்தில் மவுஸ் வெறுமனே சுற்றுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் மறுபடி எடுங்கள்.